மனம் திறந்து பேசுவதும் நெருக்கம் வளர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்போ காதலோ திருமணமோ, எந்த நெருங்கிய உறவிலும் ஒருவர் தம்மைப் பற்றி மற்றவரிடம் சொல்லத் தொடங்கும் கட்டம் ஒன்று உண்டு. உளவியலாளர்கள் இதைச் சுய வெளிப்பாடு என்ற பெயரில் 1950களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளைப் படிப்பவர்களுக்கும், படிக்காமலேயே தம் உறவுகளைப் பற்றி யோசிப்பவர்களுக்கும் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன.

நம்மைப் பற்றிப் பேசுவதெல்லாம் சுய வெளிப்பாடு ஆகுமா?

ஆகாது. ஒருவர் தம்மைப் பற்றிய ஒன்றை, அதுவும் மற்றவர் வேறு வழியில் எளிதாக அறிந்துகொள்ள முடியாத ஒன்றை, தெரிந்தே சொல்வதுதான் சுய வெளிப்பாடு. குரலின் தடுமாற்றமோ முகத்தின் வாட்டமோ நம்மைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஆனால் அது நாம் சொன்னதாகாது.

இதிலும் இரண்டு வகை உண்டு. "போன வருடம் வேலையை விட்டுவிட்டேன்" என்பது தகவல். "வேலையை விட்ட பிறகு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணமே இல்லாதது போல் இருந்தது" என்பது உணர்வு. நெருக்கம் வளர்வதில் இரண்டாவது வகைக்கே வலு அதிகம் என்பது பின்னால் வரும் ஆய்வுகளில் தெரியும். இந்தத் துறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான சிட்னி ஜுரார்ட், 1958இல் தம் சக ஆய்வாளர் பால் லசக்கோவுடன் சேர்ந்து 60 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார். உடல், பணம், வேலை, விருப்பு வெறுப்பு போன்றவற்றைத் தாயிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள், தந்தையிடம் எவ்வளவு, நண்பரிடம் எவ்வளவு, வாழ்க்கைத் துணையிடம் எவ்வளவு என்று அது தனித்தனியாகக் கேட்டது. ஒருவர் எவ்வளவு வெளிப்படையானவர் என்பதோடு, யாரிடம் வெளிப்படையாக இருக்கிறார் என்பதையும் சேர்த்து அளக்க முனைந்ததே அதன் சிறப்பு.

அறிமுகம் நெருக்கமாக மாறுவது எப்படி நடக்கிறது?

இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படும் விளக்கம், இர்வின் ஆல்ட்மனும் டால்மஸ் டெய்லரும் 1973இல் நூலாக வெளியிட்ட சமூக ஊடுருவல் கோட்பாடு. அவர்கள் மனிதரை வெங்காயத்தோடு ஒப்பிட்டார்கள். வெளித்தோலில் ஊர், படிப்பு, தொழில், ரசனை போன்றவை இருக்கும்; உள்ளே போகப் போகக் கருத்துகள், அச்சங்கள், தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் எண்ணம் ஆகியவை இருக்கும். உறவு வளரும்போது பேசும் விஷயங்களின் பரப்பும் விரிகிறது, ஒவ்வொரு விஷயத்திலும் எட்டும் ஆழமும் கூடுகிறது. பத்து ஆண்டுகளாகத் தினமும் பேசும் அலுவலக நண்பர்கள் இருவரிடையே பரப்பு மிகுந்து, ஆழம் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. வெளி அடுக்குகள் விரைவாகக் கழன்றுவிடும் என்றும், உள்ளே செல்லச் செல்ல வேகம் குறையும் என்றும், ஒவ்வொரு படியிலும் இதனால் கிடைக்கப்போவது என்ன, இழக்கக்கூடியது என்ன என்று மனம் கணக்குப் போடும் என்றும் அவர்கள் கருதினார்கள். உறவு முறியும்போது இதே பாதையில் பின்னோக்கி நடக்கிறார்கள் என்பதும் அவர்கள் சொன்னதே.

இந்தக் கோட்பாடு பயனுள்ளதுதான். ஆனால் உண்மையில் நடப்பதை விட ஒழுங்கான ஒரு படத்தைத் தந்துவிடுகிறது. ஒரு நாள் மனதைக் கொட்டியவர் அடுத்த ஒரு வாரம் பிடி கொடுக்காமல் பேசுவது வழக்கமான ஒன்றே. அதை உறவு தேய்வதற்கான அறிகுறி என்று கொள்ளத் தேவையில்லை. ஆல்ட்மனே பிற்காலத்தில், திறப்பும் மூடலும் மாறி மாறி வருவதே உறவின் இயல்பு என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

அப்படியானால் நிறையச் சொன்னால் நெருக்கம் தானாக வந்துவிடுமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படிக்கலாம். சொல்வது ஒரு பாதி மட்டுமே. சொன்னதை எதிரில் இருப்பவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதே உறவு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்கிறது.

1988இல் ஹாரி ரெய்ஸும் பிலிப் ஷேவரும் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது. ஒருவர் தம் உள்ளத்தில் உள்ள ஒன்றைச் சொல்கிறார். கேட்பவர் அதற்கு ஏதோ ஒரு விதத்தில் எதிர்வினை காட்டுகிறார். சொன்னவர் அந்த எதிர்வினையைப் பார்த்து, 'என்னைப் புரிந்துகொண்டார், நான் சொன்னதை மதித்தார், என் மீது அக்கறை உள்ளவர்' என்று உணர்ந்தால் மட்டுமே நெருக்கம் ஓர் அங்குலம் நகர்கிறது. கேட்டவர் மனதில் அக்கறை இருந்தால் மட்டும் போதாது, அது சொன்னவருக்குத் தெரிய வேண்டும். ஜான்-ஃபிலிப் லோரன்சோவும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் அன்றாடம் தாங்கள் பிறரோடு பேசியவற்றைப் பற்றி உடனுக்குடன் குறித்துவைத்தார்கள். தகவல்களைச் சொன்ன உரையாடல்களை விட உணர்வுகளைச் சொன்ன உரையாடல்களே அதிக நெருக்கத்தைத் தந்தன என்பதும், அந்த நெருக்கத்தின் ஒரு பகுதி எதிரில் இருந்தவர் செவிசாய்த்த விதத்தின் வழியாக வந்தது என்பதும் அந்தக் குறிப்புகளில் தெரிந்தன.

ஒரு சிறு காட்சியாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரவு உணவு முடிந்து பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது ஒருவர், "இப்பல்லாம் ராத்திரி தூக்கமே வர்றதில்லை" என்கிறார். "எனக்கும்தான், வயசாகுதுல்ல" என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பதில் சொன்னவர் தாம் ஆறுதல் சொன்னதாகக்கூட நினைத்திருப்பார். "படுக்கிறதுக்கு முன்னாடி போனைப் பார்க்காதே, சரியாப் போயிடும்" என்றால் அறிவுரை கிடைத்தது, சொல்ல வந்தது சொல்லப்படாமல் நின்றது. "எத்தனை நாளா? படுத்தா என்ன ஓடுது மனசுல?" என்று கேட்டு, கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தால், அடுத்த வாக்கியம் வருவதற்கு இடம் கிடைக்கிறது. தூக்கம் வரவில்லை என்பது தகவல்; உண்மையான வெளிப்பாடு அந்த அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான மனிதர்கள் மனதில் உள்ளதை நேராகச் சொல்வதில்லை. ஆழம் பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறு பேச்சை விட்டுப் பார்க்கிறார்கள். அதைக் கவனிக்காமல் விடுவதால் எந்தச் சண்டையும் வராது என்பதால், எத்தனை முறை விட்டோம் என்பதும் தெரியாமல் போகிறது.

ஒருவர் சொன்னால் மற்றவரும் சொல்ல வேண்டுமா?

அறிமுகமாகும் கட்டத்தில், ஆம். ஒருவர் திறந்தால் மற்றவரும் ஏறத்தாழ அதே அளவுக்குத் திறப்பார் என்பதை ஜுரார்டே கவனித்துப் பெயரிட்டார். இத்துறையில் மிக உறுதியாக நிலைபெற்ற கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. சூசன் ஸ்ப்ரெச்சரும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட சோதனையில், முன்பின் அறியாத இணைகளில் சிலர் மாறி மாறிக் கேட்டும் சொல்லியும் பேசினார்கள். மற்றவர்களில் ஒருவர் முழுக்கக் கேட்க மற்றவர் முழுக்கச் சொன்னார், பிறகு இடம் மாற்றிக்கொண்டார்கள். முடிவில் இரு வகையினரும் சொன்னதும் கேட்டதும் சமமே. ஆனாலும் மாறி மாறிப் பேசியவர்களுக்கே ஒருவரை ஒருவர் கூடுதலாகப் பிடித்துப்போயிற்று.

நெருக்கம் வந்த பிறகு இந்தக் கணக்கு தளர்ந்துவிடுகிறது. நண்பர் தம் துயரத்தைச் சொல்லும்போது உடனே நம் துயரத்தை எடுத்து வைப்பது, அவர் பேச்சைப் பறித்துக்கொள்வதாகவே முடியும். வேலரியன் டெர்லெகாவும் சக ஆய்வாளர்களும் 1976இல் சோதித்தபோது, அந்நியர்களே உடனுக்குடன் பதிலுக்குப் பதில் சொன்னார்கள். நண்பர்களிடம் அந்த அவசரம் இல்லை. இன்று வாங்கியதை என்றைக்காவது திருப்பித் தரலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்குள் இருக்கிறது.

பிடித்தவர்களிடம் சொல்கிறோமா, சொல்வதால் பிடித்துப்போகிறதா?

இரண்டும் நடக்கிறது, மூன்றாவதாக ஒன்றும் நடக்கிறது. நான்சி காலின்ஸும் லின் மில்லரும் 1994இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தம்மைப் பற்றிச் சொல்பவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்கிறது. பிடித்தவர்களிடம் மனிதர்கள் அதிகம் சொல்கிறார்கள். யாரிடம் சொன்னார்களோ அவர்களைச் சொன்னதன் விளைவாகவே பிடித்துப்போகிறது. மூன்றாவதுதான் பலரும் எதிர்பாராதது. நம் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட ஒருவரைப் பற்றி, அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாத நிலையிலும், "நல்ல மனிதர்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவது இதனால்தான்.

நெருக்கத்தை விரைவுபடுத்த முடியுமா? அந்த 36 கேள்விகள் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஆர்தர் ஆரனும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை ஒருவர் அறியாத இணைகள் 45 நிமிடங்கள் உட்கார்ந்து, மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்ட 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொன்னார்கள். உலகில் யாரை வேண்டுமானாலும் விருந்துக்கு அழைக்கலாம் என்றால் யாரை அழைப்பீர்கள் என்று தொடங்கும் கேள்விகள், கடைசித் தொகுதியில் இன்னொருவர் முன்னால் கடைசியாக எப்போது அழுதீர்கள் என்பது வரை போகும். மேலோட்டமான பேச்சில் அதே நேரத்தைக் கழித்த இணைகளை விட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். கேள்விகள் படிப்படியாக ஆழமாவதும், இருவரும் சொல்வதும்தான் இதில் வேலை செய்யும் பகுதிகள்.

இந்தக் கேள்விகள் பின்னாளில் காதல் வரவழைக்கும் வித்தை போலப் பரப்பப்பட்டன. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக நெருக்கத்தை உண்டாக்கும் முறையைத்தான் அவர்கள் தேடினார்கள், விசுவாசமும் கடப்பாடும் வளரக் காலம் பிடிக்கும் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காலம் பற்றி ஒரு தோராயக் கணக்கும் உண்டு. ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிடப்படுகிறது. வெறும் மணிக்கணக்கு மட்டும் போதவில்லை; ஒரே இடத்தில் வேலை பார்த்துக் கழித்த நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அவசரப்பட்டு அதிகம் சொல்லிவிட்டால்?

பிசகும் வாய்ப்பு உண்டு. ஜிக் ரூபின் 1970களில் பாஸ்டன் விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் செய்த சோதனைகளில், ஆய்வாளர் தம்மைப் பற்றி முதலில் எழுதிக்காட்டிய பிறகு பயணிகளை எழுதச் சொன்னார். ஆய்வாளர் கொஞ்சம் திறந்தால் பயணிகளும் திறந்தார்கள். ஆனால் அவர் குறிப்பாகத் தங்களுக்கென்றே மிக அந்தரங்கமானதை எழுதிக்காட்டுகிறார் என்று பயணிகளுக்குத் தோன்றியபோது, இவருக்கு என்ன வேண்டும் என்ற ஐயத்தில் பின்வாங்கினார்கள். 'என்னை நம்பி என்னிடம் சொன்னார்' என்று கேட்பவர் உணர வேண்டும். கிடைத்தவரிடமெல்லாம் சொல்பவர் என்று தெரிந்துவிட்டால் அந்த மதிப்பு போய்விடுகிறது.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் அதிகம் சொல்லிச் சிக்கியவர்களை விட, சொல்லாமலே தயங்கி நிற்பவர்களே கூடுதலாக இருப்பார்கள் என்பது என் ஊகம். மைக்கேல் கார்டஸ், அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோரின் 2021 ஆய்வில், அந்நியரோடு ஆழமாகப் பேசப்போகிறவர்கள் அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று எண்ணினார்களோ அவ்வளவு சங்கடமாக அது இருக்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு நம் வாழ்க்கையில் எவ்வளவு அக்கறை வரும் என்பதையும் மனிதர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் வீட்டில் சொல்லாததைச் சொல்லிவிடுவது ஏன்?

அவரை மறுபடி பார்க்கப்போவதில்லை என்பதால். அவருக்கு நம்மைச் சேர்ந்த யாரையும் தெரியாது. அவர் என்ன நினைத்தாலும் நாளைய வாழ்க்கையில் அதன் நிழல் விழாது. சமூகவியலாளர் ஜியார்க் சிம்மெல் அந்நியரைப் பற்றி 1908இல் எழுதியபோதே இதைக் குறிப்பிட்டார். பாரம் இறங்கும், உறவு வளராது.

துக்கத்தைப் பகிர்ந்தால்தான் நெருக்கமா? நல்ல செய்திகளுக்கு இடமில்லையா?

இடம் உண்டு; பலர் நினைப்பதை விடப் பெரிய இடம். ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவர் நல்ல செய்தியோடு வரும்போது துணை அதை எப்படி எதிர்கொள்கிறார் என்பதைக் கவனித்தார்கள். உற்சாகமாக மேலும் கேட்பவர் உண்டு. "நல்லது" என்று சொல்லி வேலையைத் தொடர்பவர் உண்டு. "சம்பளம் கூடினா வேலையும் கூடுமே" என்று குறை காண்பவரும், காதில் விழாதது போலப் பேச்சை மாற்றுபவரும் உண்டு. இவர்களில் முதல் வகையோடு மட்டுமே உறவின் நிறைவு சேர்ந்து வந்தது. இரண்டாம் வகையினர் எந்தத் தீங்கும் நினைக்காதவர்கள்தான். ஆனாலும் அந்த மௌன ஒப்புதல் போதவில்லை.

பெண்கள் மனம் திறப்பார்கள், ஆண்கள் திறக்கமாட்டார்கள் என்பது உண்மையா?

வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. கேத்ரின் டிண்டியாவும் மைக் ஆலனும் 1992இல் 205 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெண்கள் சற்றுக் கூடுதலாகச் சொல்வது தெரிந்தது. கேட்பவர் யார், உறவு எத்தகையது என்பதைப் பொறுத்து அந்தச் சிறு வேறுபாடும் கூடியது அல்லது குறைந்தது. ஒரு குறிப்பிட்ட ஆண் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு, அவர் ஆண் என்பது போதுமான விடை அல்ல. முன்பு எப்போதோ திறந்தபோது என்ன பதில் கிடைத்தது என்பதையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசுவது நல்லதா?

அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்புகளை ஆராய்ந்தபோது ஒரு சிக்கலான நிலையைக் கண்டார். இரு நண்பர்கள் ஒரே வருத்தத்தை எல்லாப் பக்கமிருந்தும் மறுபடி மறுபடி கிளறிப் பேசும்போது நட்பு இறுகுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. பின்னர் வந்த ஆய்வில், இந்த மனநலப் பாதிப்பு காலப்போக்கில் பெண் பிள்ளைகளிடமே கூடியது தெரிந்தது. அதாவது, செவிசாய்க்கும் நல்ல நண்பர் இருப்பதே அந்தச் சுழலை நீட்டிக்கலாம். பேசி முடித்து எழும்போது புதிதாக ஏதேனும் புரிந்ததா, அல்லது அடுத்து செய்ய ஏதேனும் தெரிந்ததா என்று பார்ப்பது நல்லது. பல வாரங்களாக இரண்டுமே இல்லையென்றால் மனநல ஆலோசகர் ஒருவரை அணுகுவதே முறை. அது நட்பின் தோல்வி ஆகாது.

சமூக ஊடகங்களில் எழுதுவதும் இதே வேலையைச் செய்யுமா?

தனிச் செய்தியில் செய்யும், சில நேரம் நேர்ப்பேச்சை விடவும் வேகமாகவே செய்யும். எழுதுபவருக்கு யோசித்துத் திருத்த நேரம் கிடைக்கிறது. படிப்பவர் விடுபட்ட இடங்களைத் தம் கற்பனையால், பெரும்பாலும் நல்லவிதமாகவே, நிரப்பிக்கொள்கிறார். ஜோசப் வால்தர் 1996இல் இதை விளக்கினார். நேரில் சந்தித்தபின் வரும் ஏமாற்றத்துக்கும் இதே நிரப்புதல்தான் காரணம்.

எல்லோரும் பார்க்கும்படி எழுதுவது வேறு. நடாலியா பசரோவாவின் 2012 ஆய்வில், ஒரே விஷயம் தனிச் செய்தியாக வந்தபோது இருந்த அந்தரங்கத் தன்மை, பொதுப் பதிவாக வந்தபோது குறைவாகவே உணரப்பட்டது. பொதுவில் வைக்கக் கூடாத அளவுக்கு அந்தரங்கமானதைப் பதிவிட்டவரைப் படித்தவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. நூறு பேருக்குச் சொன்னதில் 'எனக்காகச் சொன்னது' எதுவும் இல்லை.

வாழ்க்கைத் துணையிடம் எதையும் மறைக்கக் கூடாதா?

எல்லாவற்றையும் சொல்வதுதான் நேர்மை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை, ஆய்வுகளும் அதைக் கோரவில்லை. கடந்து போன ஒரு நொடி எரிச்சலையோ, துணையின் உறவினர் பற்றிய ஒவ்வொரு எண்ணத்தையோ சொல்லித் தீர்ப்பதால் நெருக்கம் கூடாது. அதே நேரம், துணையின் முடிவுகளைப் பாதிக்கும் செய்தியை மறைப்பது அந்தரங்கத்தின் கணக்கில் வராது. கடன், நோய், வேறொரு உறவு ஆகியவை அந்த வகை.

மறைப்பதன் சுமை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மைக்கேல் ஸ்லெபியன் 2017இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ரகசியம் உள்ளவர்கள் பிறர் முன்னிலையில் அதை மூடிமறைக்க நேரும் தருணங்களை விட, தனியே இருக்கும்போது மனம் அதன்மீது போய் நிற்கும் தருணங்களே அதிகம். நலத்தைக் குறைப்பதும் அவையே. மனம் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகிறதென்றால், அதை யாரிடமாவது சொல்லும் வேளை வந்துவிட்டது. அந்த யாரோ ஒருவர் துணையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

நம்பிச் சொன்னது வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

சாண்ட்ரா பெட்ரோனியோ 1990களிலிருந்து வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, ஒரு ரகசியத்தைச் சொன்ன நொடியிலேயே கேட்டவரும் அதன் கூட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறார். அதை யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்ற விதிகளை இருவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவை வாய்விட்டு வகுக்கப்படுவதே இல்லை. கேட்டவர், "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்பதில் தம் கணவரும் அடங்குவார் என்று எடுத்துக்கொள்கிறார். சொன்னவர் கணவரையும் சேர்த்துத்தான் விலக்கியிருந்தார். நம்பிக்கைத் துரோகம் என்று பேசப்படுபவற்றில் ஒரு பகுதி இப்படி எல்லை தெரியாமல் நேர்ந்தவையே.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் எல்லை தெரிந்து மீறினாரா, தெரியாமல் மீறினாரா என்பது. தெரியாமல் என்றால், கோபம் தணிந்தபின் எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, சிறிய விஷயங்களிலிருந்து மறுபடி தொடங்கிப் பார்க்கலாம். அவர் மன்னிப்புக் கேட்கும்போது தம் நோக்கத்தை விளக்குகிறாரா, உங்களுக்கு நேர்ந்ததைக் கேட்டறிகிறாரா என்பதும் நிறையச் சொல்லும். தெரிந்தே செய்தார் என்றால் அவரோடு பழக்கத்தைத் தொடரலாம், அந்தரங்கத்தைத் தொடர வேண்டியதில்லை. இனி ஒருவரிடமும் எதையும் சொல்வதில்லை என்று முடிவெடுக்கும் முன், இதுவரை கேட்டதை வெளியே விடாதவர்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. அடுத்த முறை அந்தரங்கமான ஒன்றைச் சொல்லும்போது, இதை யாரிடமெல்லாம் சொல்லக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே பெயர் குறிப்பிட்டுச் சொல்லிவிடலாம்.